கேள்விக்கு எந்த வரிசை?

(கட்சி ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

பள்ளிக்கூடம் என்றதும் நாம் கட்டடத்தைப் பற்றிப் பேசுவோம். கழிவறை இல்லை, கணக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுக்கூடத்துப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது என்று மனு எழுதுவோம், மறியலும் செய்வோம். செய்யத்தான் வேண்டும். ஆனால், அந்தக் கட்டடத்திற்குள்ளே, ஒரு பாடவேளையில், பதினைந்து வயதுப் பிள்ளை எவ்வாறு கற்க விரும்புகிறது என்று என்றைக்கேனும் அப்பிள்ளையையே கேட்டதுண்டா? எண்ணிப் பாருங்கள். ஊரைக் கேட்போம், ஆசிரியரைக் கேட்போம், அதிகாரியைக் கேட்போம். கற்கின்றவனை மட்டும் கேட்க மாட்டோம்!

"இது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே பேச வேண்டிய பொருளாயிற்றே, அரசியல் வகுப்பிலே இதற்கென்ன வேலை?" என்று உங்களிலே சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது தோழர்களே, நிரம்ப இருக்கிறது.

கேரளத்திலே 2024-ஆம் ஆண்டு 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்றொரு திரைப்படம் வெளிவந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகளின் மனக்குறையைச் சொன்ன படம் அது. அதைக் கண்டு அங்கே சில பள்ளிகளில் பெஞ்சுகளைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டனர். 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவ இருக்கை பற்றிய பேச்சு எழுந்தது. கழுத்து வலிக்கும் என்றனர் சிலர். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காரும் அறையில் இஃது எப்படி இயலும் என்றனர் வேறு சிலர். அவர்கள் கூறியதிலும் பொருள் உண்டு. நான் கேட்பது வேறு. பெஞ்சைத் திருப்பினோம், பிள்ளையின் வாய் திறந்ததா?

ஒரு காட்சியைச் சொல்லுகிறேன். இயற்பியல் வகுப்பு. தனி ஊசல் பற்றிய பாடம். கடைசி வரிசையிலே ஒரு பையன் எழுகிறான். "ஐயா, குண்டின் எடையைக் கூட்டினாலும் ஊசல் ஆடும் நேரம் மாறவில்லையே, ஏன்?" என்று கேட்கிறான். கலிலியோவின் சிந்தையைத் தொட்ட பொருள் அது! விடை என்ன கிடைக்கிறது? "தேர்விலே வராது, உட்கார்!" வகுப்பு சிரிக்கிறது. அவன் உட்காருகிறான். அன்று உட்கார்ந்தவன் மறுபடி எழுவதேயில்லை.

அந்த ஆசிரியர் கொடியவர் அல்லர். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும், ஏடுகளை நிரப்ப வேண்டும் என்ற சுமை அவர் தலைமீது. அவரைத் தூற்ற நான் வரவில்லை. ஆனால், 'கேட்காதே, உட்கார்' என்ற அந்தக் குரல் இருக்கிறதே, அது அவருடைய குரல் அன்று, பழைய குரல். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதிலே காய்ச்சி உருக்கியதை ஊற்றச் சொன்ன தர்மசூத்திரத்தின் குரல். 1953-இல், அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் வந்ததே, அதிலும் ஒலித்த குரல். அந்தத் திட்டத்தை எதிர்த்துத் தமிழகமே திரண்டது. 1954-இல் அது கைவிடப்பட்டது. பள்ளிக்குள் நுழையும் உரிமையைக் காத்துக்கொண்டோம். உள்ளே நுழைந்த பிள்ளைக்கு வாய் திறக்கும் உரிமை கிடைத்துவிட்டதா? அந்தப் போராட்டம் பாதியிலே நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி மூன்றைத்தான் கேட்பார்கள்.

முதலாவது, நினைக்க நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தார். ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டுவிட்டு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஏறத்தாழ ஒரே ஒரு நொடி! அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டிய வகுப்புகளிலே, விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகள் வாய் திறந்தனர், எதிர்க்கேள்வியும் கேட்டனர். இதற்குக் கோடிகள் வேண்டுமா? அரசாணை வேண்டுமா? மூன்று நொடிப் பொறுமை போதும்.

இரண்டாவது, கைக்கு வேலை. வில்லையின் குவியத்தைப் புத்தகத்துப் படத்திலே பார்ப்பது ஒன்று. சாளரத்து மரத்தின் தலைகீழ் உருவத்தைத் தானே ஒரு தாளில் விழச்செய்து பார்ப்பது வேறொன்று. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கென 25 மதிப்பெண் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் கைக்குக் கிடைத்த வேலைக்கா, வரைந்து கொடுத்த ஏட்டுக்கா என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

மூன்றாவது, தோழனோடு சேர்ந்து கற்றல். அமெரிக்காவிலே கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது சட்டத்திற்கு ஒவ்வாது என்று 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல கழித்து, 1971-இல், டெக்சாசின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளிலே வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோ வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார வைக்கப்பட்டபோது, பகையும் கைகலப்பும் மூண்டன. எலியட் அரான்சன் என்ற உளவியலறிஞர் அங்கே அழைக்கப்பட்டார். அவர் அறவுரை ஆற்றவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். சிறு குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். அவனுடைய துண்டை அவன் வாயால் கேட்டால்தான் என் பாடம் முழுமை பெறும்! நேற்று வரை ஏளனம் செய்யப்பட்டவன் இன்று எனக்கு ஆசானாகிறான். பகை தணிந்தது, பிள்ளைகளின் தேர்வு விடைகளும் மேம்பட்டன.

டெக்சாசு தொலைவிலே இருக்கிறது. நாங்குநேரி அருகிலேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்களே! அவன் தங்கையும் வெட்டுப்பட்டாளே! அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையிலே கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பெயரின் அகரவரிசைப்படி இருக்கை என்று பரிந்துரைத்தது. பார்த்தீர்களா தோழர்களே? யார் எங்கே உட்காருவது என்பது நம் நாட்டிலே வெறும் மரப்பலகைச் செய்தியன்று, சாதிச் செய்தி. ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது முதற்படி. ஒருவன் சொல்ல மற்றவன் கற்பது இரண்டாம் படி. அந்த இரண்டாம் படியில் நாம் இன்னும் கால் வைக்கவில்லை.

"இதெல்லாம் சரி, மதிப்பெண் என்னாவது?" என்பீர்கள். பல தனியார் பள்ளிகளிலே பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தனர். அதைத் தடுக்க 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிற்று. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் நின்றது. தேர்வு வந்தது, தேர்வு போயிற்று; உருப்போடுதல் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை விரும்புவதெல்லாம் பிள்ளைக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே இயற்பியல் மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தெளிவான சொற்பொழிவைக் கேட்டவர்கள், 'நிரம்பக் கற்றோம்' என்றனர். தாமே கணக்கோடு மல்லுக்கு நின்றவர்கள், 'குறைவாகவே கற்றோம்' என்று சலித்துக்கொண்டனர். தேர்வு வைத்துப் பார்த்தால், சலித்துக்கொண்டவர்களே கூடுதலாகக் கற்றிருந்தனர்! இனிக்கப் பேசும் சொற்பொழிவு மயக்கும். தானே முயலும்போது வலிக்கும். ஆகவே பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பது என்றால், நோகாமல் நடத்துவது என்று பொருளன்று. முயலவும் தவறவும் அவனுக்கு அச்சமற்ற இடம் தருவது என்று பொருள்.

நமக்கு இதில் என்ன வேலை? அரசுப் பள்ளிகளிலே மேலாண்மைக் குழு உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அத்தகைய குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அக்குழுவுக்குச் செல்லும் தோழர்கள், சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்பதோடு நில்லாதீர்கள். ஆய்வுக்கூடம் மாதத்தில் எத்தனை நாள் திறந்தது, ஆசிரியர் இடம் எத்தனை காலி, கேட்ட பிள்ளையை யாரேனும் அடக்கினார்களா என்று பணிவோடு கேளுங்கள். ஆசிரியரை மிரட்டாதீர்கள், அவர் சுமையைக் குறைக்க அவரோடு சேர்ந்து குரல் கொடுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. நம் பயிற்சி வகுப்புகளிலே என்ன நடக்கிறது? மேடையிலே ஒருவர் மூன்று மணி நேரம் பேசுகிறார். 'ஐயம் இருந்தால் கேளுங்கள்' என்று ஐந்து நிமிடம் விடுகிறோம். அதற்குள் நன்றியுரைக்கு ஆள் எழுந்துவிடுகிறார். நம்மிடமும் கடைசி வரிசை இருக்கிறது தோழர்களே! அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞன் கேட்க வந்ததைக் கேட்காமலே பேருந்து ஏறுகிறான். ஏன், எப்படி என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்திலே இப்படி நடக்கலாமா?

ஆகவே நான் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறேன். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி மீதமிருக்கிறது, அது உங்களுடையது. நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள். கடைசி வரிசையிலிருந்து தொடங்குவோம். மூன்று நொடியன்று, மூன்று நிமிடமானாலும் காத்திருக்கிறேன். கேளுங்கள்!