பி.ஏ. படிப்புக்கும் கடன் கேட்டேன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல பேசுவேன், அது வேற. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என் மூத்த மகள் சென்னையில் ராணி மேரி கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளைச் சேர்க்கும்போது எங்க குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். ஒரு அக்கா எழுந்து, "மாட்டுக்குக் கேளு, தர்றோம். தையல் மிஷினுக்குக் கேளு, தர்றோம். நர்சிங்னா கூடப் பரவாயில்லை. பி.ஏ. ஹிஸ்டரி படிச்சு செத்துப்போன ராஜா கதையைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். என் வீட்டுக்காரரும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்.

அந்த அக்கா மேல எனக்குக் கோபம் இல்லை. மாடு வாங்கினா மறுநாளே பால் கறக்கலாம். பி.ஏ.வில் என்ன கறக்கலாம்னு எனக்கே அன்னைக்குச் சொல்லத் தெரியலை. அடுத்த கூட்டத்துல ரெண்டு பேர் எனக்காகப் பேசினாங்க, தீர்மானம் எழுதினோம். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, 20 தவணை. 17 கட்டியாச்சு.

கல்லூரியில் விடப் போன அன்னைக்குத்தான் அந்த இடத்தை முதல் தடவை பார்த்தேன். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அப்புறம் மின்சார ரயில், மறுபடியும் பஸ். மயிலாப்பூர் பக்கம், மெரினா கடற்கரைக்கு எதிரே. வாசல்ல நின்னா கடல் காத்து முகத்துல அடிக்குது. சென்னையில் பெண்களுக்குன்னே தொடங்கின முதல் கல்லூரி அதுதான். 1914-ல் ஆரம்பிச்சாங்க. டோரதி டி லா ஹே என்ற இங்கிலாந்து அம்மா முதல் முதல்வராக இருந்து 1936 வரைக்கும் நடத்தியிருக்காங்க. பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறதே பெரிசா இருந்த காலத்துல, ஊர் ஊரா இருந்து வந்து தங்கிப் படிச்சிருக்காங்க.

இன்னொண்ணும் மகள் சொன்னாள். 2003-ல் அந்தக் கட்டடங்களை இடிச்சிட்டு அங்கே புதுத் தலைமைச் செயலகம் கட்டுறதா அரசாங்கம் திட்டம் போட்டது. மாணவிகள் ஒத்துக்கலை. கல்லூரிக்கு உள்ளேயே உட்கார்ந்து போராடினாங்க. ஊர் பூரா பேச்சாகி, கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க. இதைக் கேட்டதும் எனக்கு என்னமோ பண்ணுச்சு. ஏன்னா 2003-ல் தான் நான் பத்தாவது பாஸ் பண்ணேன். தமிழ்ல 86 மார்க். மேல்நிலைப் பள்ளி 9 கிலோமீட்டர், பஸ் சரியா கிடையாதுன்னு வீட்டோட நிறுத்திட்டாங்க. நானும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கலை. அந்தப் பொண்ணுங்க கல்லூரியையே விடமாட்டோம்னு உட்கார்ந்திருந்தப்போ நான் களத்து மேட்டுல நெல் தூத்திக்கிட்டு இருந்தேன்.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தர்றாங்க? வரலாறு எடுத்தாலும் தமிழ், ஆங்கிலம் ரெண்டும் கட்டாயம் படிக்கணும். இவள் தமிழ் மீடியம். முதல் மூணு மாசம் போன்ல அழுகைதான். "அம்மா, இங்கிலீஷ் புத்தகத்துல ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகுது"ன்னு. முதல் செமஸ்டர்ல ஆங்கிலத்துல அரியர். அதை என் வீட்டுக்காரர் கிட்ட நான் சொல்லவே இல்லை. (இப்ப மைக்குல சொல்லியாச்சு, அவர் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கார்.) ஞாயித்துக்கிழமை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் போய் உட்கார்ந்துடுவாள். உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. அடுத்த செமஸ்டர்ல அரியரையும் எழுதி முடிச்சிட்டாள்.

ஒரு தடவை பெசன்ட் நகர்ல உ.வே.சாமிநாதையர் நூலகத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். பழைய ஓலைச்சுவடியை எல்லாம் அங்கே பாதுகாத்து வச்சிருக்காங்க. அந்தப் பெரியவர் ஊர் ஊரா அலைஞ்சு ஏடு தேடி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறுன்னு அச்சுப் போட்டிருக்கார். மகள் படிக்கிற கடற்கரைச் சாலையிலேயே இருக்கிற மாநிலக் கல்லூரியில்தான் தமிழ் வாத்தியாரா இருந்திருக்கார். நான் பத்தாவதுல மனப்பாடம் பண்ண பாட்டெல்லாம் யாரோ ஒருத்தர் கரையான் கிட்ட இருந்து காப்பாத்திக் கொடுத்தது என்று எனக்கு 36 வயசுல தெரியுது.

இப்ப செத்துப்போன ராஜா கதைக்கு வர்றேன். போன பொங்கல் லீவுல மகள் என்னை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நம்ம பக்கத்து ஊர்தான், எத்தனையோ தடவை சந்தைக்குப் போயிருக்கோம். கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919, 921-ஆம் வருஷத்தது. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, நிக்கிறவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்களாம். யார் நிக்கலாம், யார் நிக்கக்கூடாதுன்னு விதி எழுதி வச்சிருக்காங்க. முன்னாடி பதவியில இருந்து கணக்கு காட்டாதவங்க நிக்கக்கூடாது. அவங்க மட்டும் இல்லை, அவங்க நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்கக்கூடாது! இதை எங்க குழுக் கூட்டத்துல சொன்னப்போ சிரிச்ச சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. ஏன் சிரிச்சோம்னு இங்கே சொல்ல வேண்டாம்.

ஆனா மகள் அதோட விடலை. "அம்மா, சொந்த நிலம் இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அப்ப இதில் நம்ம மாதிரி ஆளுக்கு இடம் எங்கே? பொம்பளைக்கு இடம் எங்கே?"ன்னு கேட்டாள். பெருமையா இருக்குன்னு படம் பிடிச்சுட்டு வந்துடலாம்னு நான் நினைச்சேன். அவளுக்கு அந்தக் கேள்வி வருது பாருங்க, அதைத்தான் அங்கே சொல்லித் தர்றாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சது. மாட்டுக்கடன் கேள்விக்கு என்னால அன்னைக்கே இதைச் சொல்லியிருக்க முடியாது.

வேலை கிடைக்குமான்னு கேட்பீங்க. நிச்சயமாக் கிடைக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். எந்தப் பட்டம் இருந்தாலும் குரூப் 2 தேர்வு எழுதலாம். பி.எட். முடிச்சா வாத்தியார் வேலைக்கு முயற்சி பண்ணலாம், சட்டம் மூணு வருஷம் படிக்கலாம். எல்லாத்துக்கும் போட்டி இருக்கு. நர்சிங் படிச்ச பொண்ணும் இங்கே வேலை தேடிக்கிட்டுத்தான் இருக்கு.

செலவு பத்தி ஒரு வார்த்தை. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணு கல்லூரி சேர்ந்தா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குலயே வரும். 2022-ல் இருந்து தர்றாங்க. டாக்டர், இன்ஜினியருக்கு மட்டும் இல்லை, பி.ஏ.வுக்கும் உண்டு. கல்லூரியிலேயே பதிவு பண்ணுவாங்க, ஆதாரும் பாஸ்புக்கும் சரியா இருக்கணும். என் மகளுக்குப் பேர்ல ஒரு எழுத்து மாறி இருந்து ரெண்டு மாசம் அலைஞ்சோம், நீங்க முன்னாடியே பார்த்துக்கோங்க. ஆனா சேர்ற நேரத்துல பெட்டி, படுக்கை, விடுதி முன்பணம்னு மொத்தமா கையில காசு வேணும். அந்த 1,000 வர்றதுக்கு முன்னாடி வர்ற செலவு அது. அதுக்குத்தான் குழுக்கடன்.

நம்ம கூட்டமைப்புக் கடன் விண்ணப்பத்துல கால்நடை, சிறுதொழில், மருத்துவம், வீடு பழுதுன்னு இருக்கு. கல்விக்குத் தனியா வரி இல்லை, "இதர" என்று எழுதுறோம். அந்தக் காகிதத்துல "மகள் கல்லூரிப் படிப்பு, எந்தப் பாடமாக இருந்தாலும்" என்று ஒரு வரி சேர்க்கணும்னு நான் முன்மொழிகிறேன். வழிமொழியறவங்க கையைத் தூக்குங்க. செயலாளர் அக்கா எண்ணட்டும்.