ஐந்து சீட்டுகளும் ஒரு ரயில் பெட்டியும்



இரவு நேரத்து ரயில் பெட்டி ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவரையொருவர் அறியாத ஐந்து ஆடவர் அமர்ந்திருக்கின்றனர். ஆறாவதாகத் தாடி வளர்ந்த முதியவர் ஒருவர் ஏறுகிறார். அவர் பெயர் டாக்டர் ஷ்ரெக். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு அச்சம் என்று பொருள். அவர் பையில் இருப்பது டாரட் என்னும் குறிசொல்லும் சீட்டுக்கட்டு. நான்கு சீட்டுகள் வரப்போவதை உரைக்கும். ஐந்தாவது, அதனின்று தப்பும் வழியைக் காட்டும்.

1965-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் படம் இவ்வாறு தொடங்குகிறது. இதனை எடுத்த ஆமிகஸ் நிறுவனத்தார் பெருஞ்செல்வர் அல்லர். 1945-இல் வந்த ‘டெட் ஆஃப் நைட்’ என்னும் கதைத்தொகுதிப் படத்தின்மீது பெரும் மதிப்புக் கொண்டிருந்த மில்டன் சுபாட்ஸ்கி கதைகளை எழுதினார். ஒளிப்பதிவில் ஆஸ்கார் பரிசு பெற்றிருந்த ஃப்ரெடி ஃபிரான்சிஸ் இயக்கினார்.

சிக்கனம் எங்கெல்லாம் புகுந்தது என்று பாருங்கள். வழக்கமான 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளைகளின் உயரம் செலவாகும். இவர்கள் கையாண்ட டெக்னிஸ்கோப் முறையில் இரண்டே துளைகள். ஆகவே பாதி பிலிமிலேயே அகன்ற திரைக்குரிய படம் கிடைத்தது. பெரிதாக்கும்போது சற்றுச் சொரசொரப்புத் தெரியும், அதனைப் பொறுத்துக்கொண்டார்கள். கதைகள் சிறியவை ஆதலால், பெயர்பெற்ற நடிகரையும் சில நாட்களுக்கு மட்டும் அமர்த்திக்கொள்ள இயலும்.

ஐந்து கதைகளும் ஒரே தரத்தன அல்ல. தீவு ஒன்றிலுள்ள பழைய மாளிகையின் ஓநாய்க் கதை சுமார்தான். வீட்டைச் சூழ்ந்து வளரும் கொலைகாரக் கொடியின் கதையில், இசைத்தட்டுகளை அறிமுகம் செய்து வானொலியில் புகழ்பெற்ற ஆலன் ஃப்ரீமன் நடிக்கிறார். நம் தொழிலினர் ஒருவர் ஒரு செடிக்கு அஞ்சி நடுங்குவது கண்டு எனக்குச் சிரிப்பே வந்தது! மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு வழிபாட்டு இசையைத் திருடி, லண்டனில் தன் பாட்டாக வாசிக்கும் ஜாஸ் கலைஞனின் கதை நல்ல கருவை உடையது. ஆனால் பிறர் வழிபாட்டை வெறும் வேடிக்கைப் பொருளாக்கிக் கெடுத்துவிட்டார்கள். இறுதிக் கதை, தன் மனைவி இரத்தம் குடிக்கும் பேயோ என்று ஐயுறும் இளம் மருத்துவனைப் பற்றியது. அம்மருத்துவனாக வருபவர் அக்காலத்தில் அதிகம் அறியப்படாத டொனால்ட் சதர்லேண்ட்.

நான்காவது கதையே என் நெஞ்சில் நின்றது. மார்ஷ் என்னும் கலை விமரிசகராகக் கிறிஸ்டோபர் லீ தோன்றுகிறார். ஓவியன் லேண்டரைச் சொல்லால் குத்துவதே அவருக்கு இன்பம். ஒருநாள் அவரிடம் ஓர் ஓவியத்தைக் காட்டுகின்றனர். அவரும் வானளாவப் புகழ்கிறார். வரைந்தவர் யார்? ஒரு சிம்பன்சிக் குரங்கு! பின்னர் அவர் போகுமிடமெல்லாம் லேண்டரின் ஏளனம் தொடர்கிறது. பொறாத மார்ஷ் காரை ஏற்றுகிறார். ஓவியன் கை இழக்கிறான். வரைய முடியாத வாழ்வு வேண்டாமென உயிரையும் மாய்த்துக்கொள்கிறான். அந்தக் கை மட்டும் மார்ஷைத் தேடி ஊர்ந்து வருகிறது. எவ்வளவு முயன்றும் ஒழியவில்லை. முடிவில் அவரது கார் கவிழ்கிறது. அவர் பார்வையை இழக்கிறார். பொம்மைக் கைதான் என்று நன்றாகத் தெரிகிறது. ஆயினும் நான் கால்களை நாற்காலியின்மேல் தூக்கிக்கொண்டேன். அஞ்சியது கையைக் கண்டா, மார்ஷின் மனச்சான்றைக் கண்டா என்று சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஐந்தாவதாக வரும் சீட்டு மரணம். ரயில் நிற்கிறது, நிலையம் இருண்டிருக்கிறது, ஒரு நாளிதழ் கைக்கு வருகிறது. ரயில் விபத்தில் ஐவர் மாண்டனர் என்ற செய்தி அதில் உள்ளது. ஷ்ரெக்கின் முகம் இருந்த இடத்தில் மண்டையோடு!

முதன்முறை கண்டபோது இதனை வெறும் அதிர்ச்சி என்றே எண்ணினேன். மறுமுறை பார்க்கையில்தான் முதியவரின் சொல் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் சீட்டு தப்பும் வழியைக் காட்டுவதல்லவா? அவ்வாறாயின் மார்ஷ் எவர்மீதும் கார் ஏற்றவில்லை. ஓவியனின் கையும் போகவில்லை. அந்த ஓவியன் எங்கோ, கை முழுதாக, இன்னும் வரைந்துகொண்டிருக்கிறான்.