விசிறியும் வெப்பமும்

நெரிசலில் மோட்டார் வண்டி நிற்கையில் ரேடியேட்டரின் விசிறி திடீரென்று சுழலத் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அதை இயக்குவது, ரேடியேட்டரில் திருகப்பட்ட ஒரு சிறு வெப்ப ஸ்விட்ச். நீரின் சூடு 95 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் அது மின்சாரத்தை இணைக்கும். எஞ்சின் கொதித்துவிடுமோ என்றஞ்சி, 85 டிகிரியிலேயே இணைக்கும் ஸ்விட்சைப் பொருத்துவோர் உண்டு, நானும் பொருத்தியவனே! நெரிசலில் அதனால் சிறிது பயன் உண்டுதான். ஆயினும் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் செல்லும் வாயிலைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் வேறொரு கருவி. அது 87 டிகிரியில் திறப்பதாயின், எஞ்சினில் உள்ள நீர் அதற்குக் கீழே குளிர்ந்ததும் வாயில் மூடிக்கொள்ளும். விசிறி ஓயாது சுழன்று மின்சாரத்தைத் தின்னுமேயன்றி, எஞ்சின் மேலும் குளிராது. என் வண்டியிலோ, குற்றம் ஸ்விட்சில் இல்லை. ரேடியேட்டரின் குழாய்களைத் துரு அடைத்திருந்தது.