வறண்ட முகத்துக்கு வீட்டுப் பூச்சு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடித்தாச்சு. ஒரு பத்து நிமிஷம் நம்ம முகத்தைப் பற்றிப் பேசுவோம். மார்கழி, தைப் பனியில் குழுக்களுக்கு வரும்போது, "மூஞ்சி சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, இழுத்துப் பிடிக்குது, என்ன போடலாம்?" என்று பலரும் எங்களிடம் கேட்கிறீர்கள்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒரு பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே பூச்சைத்தான் சொல்லிக்கொடுத்தோம். முல்தானி மட்டியும் எலுமிச்சைச் சாறும். வறண்ட முகத்தில் அதைப் போட்ட ஒரு அக்காவுக்குக் கன்னம் சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. இரண்டு நாள் களை எடுக்கப் போகமுடியவில்லை. அந்த மண், எண்ணெய் வழிகிற முகத்துக்கு உரியது. வறண்ட முகத்தில் இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் உறிஞ்சிவிடும். எலுமிச்சைப் புளிப்பு எரிச்சலைக் கூட்டும். இரண்டும் வேண்டாம்.

வேண்டியது வேலியோரமே இருக்கு. சோற்றுக்கற்றாழை மடலை அரிந்ததும் மஞ்சளாக ஒரு நீர் வடியும். அது பட்டால் அரிக்கும். மடலை நிறுத்தி வைத்து, அது முழுக்க வடிந்தபின் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றைக் கழுவி எடுங்கள். இரண்டு ஸ்பூன் சோற்றுக்கு ஒரு ஸ்பூன் பாலாடை, ஒரு ஸ்பூன் பயத்தம் மாவு. அன்றைக்குக் குழைத்ததை அன்றைக்கே போடணும். முதல் தடவை முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்தில் போடலாம்.

பூச்சு காய்ந்து வெடித்தால்தான் வேலை செய்யுதுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. காயவிட்டால் முகம் இன்னும் இழுக்கும். 10 நிமிஷத்தில், ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். சோப்பு போடாதீர்கள். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கையிலேயே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். உண்மையைச் சொன்னால், பூச்சைவிட இந்த எண்ணெய்தான் அதிகம் உதவுது. வாரம் ஒருமுறை பூச்சு, தினமும் எண்ணெய். நிறம் மாறாது. மாறவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். சிலர் வெளுத்த, காய்ந்த படையைக் காட்டி, "தேமலுக்கு எந்தப் பூச்சு?" என்று கேட்கிறார்கள். அதில் எதையும் பூசாதீர்கள். பஞ்சால் தொட்டால் தெரியாத படை தொழுநோயாக இருக்கலாம். முகத்தில் வரும் படையில் தொடுவது நன்றாகத் தெரியவும் கூடும். அதனால் "எனக்கு உணர்ச்சி இருக்கே" என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய் என்றாலும் மாத்திரை இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். தாமதித்தால்தான் நரம்பு கெட்டு, விரல் மடங்கும்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஊக்குநரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள், கூட வருகிறோம். அந்தப் பேச்சு குழுவுக்கு வராது, தீர்மான நோட்டிலும் ஏறாது.