ஒரே அலை, இரண்டு அணுமின் நிலையங்கள்

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்று மேடை போட்டால், வந்தவர்கள் கொண்டுவந்த விடையோடேயே வீடு திரும்புவார்கள். அதனால்தான் இந்தக் கருத்தரங்கின் அமைப்பாளர்கள் விவாதத்தை ஃபுகுஷிமாவிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. ஆனால் உலை நிற்பது வேறு, அதன் சூடு தணிவது வேறு. அணுப்பிளவு நின்ற பிறகும் எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். நின்ற கணத்தில் அது முழு வெப்பத்திறனில் ஏறத்தாழ 6 சதவீதம். அதைத் தணிக்க நீர் ஓட வேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வந்த மின்சாரம் நிலநடுக்கத்திலேயே அறுந்துபோனதால் டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுத்தன. சுமார் 50 நிமிடம் கழித்துச் சுனாமி வந்தது. 5.7 மீட்டரைத் தாண்டாது என்பது 2002-இல் போட்ட கணக்கு. வந்த அலை 14 மீட்டரையும் தொட்டது. ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தன; நீர் புகுந்து அவை செயலிழந்தன.

கட்டுப்பாட்டு அறை இருண்டது. உலைக்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவிகள் செத்துக் கிடந்தன. வளாகத்தில் நின்ற பேருந்துகளிலும் கார்களிலும் இருந்த பேட்டரிகளைக் கழற்றி வந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒயர் இணைத்து, முள் அசைகிறதா என்று பார்த்தார்கள் ஊழியர்கள். மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. அடுத்த நாள்களில் ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்களின் கூரைகள் பறந்தன. சர்வதேச அளவுகோலில் இது செர்னோபிலுக்கு நிகரான ஏழாம் நிலை.

அதே அலை ஒனகாவா அணுமின் நிலையத்தையும் தாக்கியது. நிலநடுக்க மையத்துக்கு இது இன்னும் அருகில். அலையும் சுமார் 13 மீட்டர். ஆனால் அந்த நிலையத்தைத் திட்டமிட்டபோது, தொஹோகு மின் நிறுவனத்தின் பொறியாளர் யானோசுகே ஹிராய், கி.பி. 869-இல் அந்தக் கரையை அழித்த ஜோகன் சுனாமியைச் சுட்டிக்காட்டி, தளம் உயர்ந்தே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தளம் 14.8 மீட்டரில் அமைந்தது. நிலநடுக்கத்தில் கரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தும் உலைகள் தப்பின. வீடிழந்த ஊர்மக்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள்.

டாய்ச்சியில் நடந்தது நேர்மாறு. உயரமான குன்றைச் செதுக்கித் தாழ்த்தி உலைகள் கட்டப்பட்டன. அலை 15.7 மீட்டர் வரை எழலாம் என்று 2008-இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்கு வந்தும் தடுப்பு வேலை நடக்கவில்லை. கியோஷி குரோகாவா தலைமையில் ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த ஆணையம், இது மனிதர்களால் விளைந்த விபத்து என்று 2012-இல் தீர்ப்பளித்தது. நிறுவனமும் கண்காணிக்க வேண்டிய அமைப்பும் கைகோத்துக்கொண்டதே அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

சாவுக் கணக்கு இரு தரப்பாருக்குமே சங்கடமானது. ஃபுகுஷிமா மக்களிடம் நேரடியாகக் கதிர்வீச்சால் நேர்ந்தது என்று சொல்லத்தக்க நோய்ப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்கிறது ஐ.நா. அறிவியல் குழு. பணியாளர் ஒருவரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்தை மட்டும் கதிர்வீச்சோடு தொடர்புடையதாக அரசு 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டுப் போனார்கள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்ட முதியோர், முகாம்களில் நலிந்தோர், மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் என அந்த மாகாணத்தில் பேரிடரைத் தொடர்ந்த மரணங்கள் 2,300-ஐத் தாண்டின. கதிர்வீச்சுப் பாதிப்பு பதிவாகவில்லை என்பதைக் காட்டி அணுஉலை ஆபத்தற்றது என்று வாதிட முடியாது. மக்களை வெளியேற்றியதும், உணவைக் கட்டுப்படுத்தியதும், காற்று பெரும்பகுதி நேரம் கடலை நோக்கி வீசியதும் சேர்ந்தே கதிர்வீச்சு அளவைக் குறைத்தன.

உலைகளை மூடியதற்கும் விலை உண்டு. விபத்துக்கு முன் ஜப்பானின் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் 54 உலைகள் தந்தன. 2013 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை ஒன்றுகூட ஓடவில்லை. அந்த இடத்தை இறக்குமதி எரிவாயுவும் நிலக்கரியும் நிரப்பின. செலவு மின்கட்டணத்திலும், கரியமில வாயு காற்றிலும் ஏறின. கரியமில வாயு வெளியிடாமல் இரவும் பகலும் ஓடும் மின்சாரத்தை இழந்தால் அதற்கு மாற்று எது என்ற கேள்வி, கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் நிறுத்திய ஜெர்மனியிலும் ஓயவில்லை.

விபத்தின் கணக்கும் இன்னும் முடியவில்லை. ட்ரிட்டியம் கலந்த சுத்திகரிப்பு நீரைக் கடலில் விடும் பணி 2023 ஆகஸ்டில்தான் தொடங்கியது. மூன்று உலைகளுக்குள் சுமார் 880 டன் உருகிய எரிபொருள் இறுகிக் கிடக்கிறது. 2024 நவம்பரில் முதன்முதலாக வெளியே எடுக்க முடிந்தது ஒரு கிராமுக்கும் குறைவு.

இது ஜப்பானோடு நிற்கும் பேச்சல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் கூடத்துக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. 2011-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகளிலும் ஃபுகுஷிமாவின் அச்சம் இருந்தது.

ஆகவே இன்று கட்டுரை வாசிக்கும் அறிஞர்களிடம் இந்த அவை எதிர்பார்ப்பவை மூன்று. தடுப்பு உயரத்தை யார், எந்தச் சான்றைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? விபத்து நேர்ந்தால் படுக்கையில் கிடக்கும் முதியவரை எங்கே, எப்படிக் கொண்டுபோவது? ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இந்த மூன்றுக்கும் ஆவணங்களோடு விடை தரட்டும். முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.