ஆச்சி போட்ட கரிக்கோடு



“உங்க குடும்பத்துல உழைச்சு முன்னுக்கு வந்த ஒருத்தரைப் பத்திப் பேசுங்க”ன்னு சொன்னாங்க. எனக்கு உடனே எங்க தாத்தா ஞாபகம்தான் வந்தது. ஆனா அவர் முன்னுக்கு வந்தவர் இல்லை. உழைச்சவர், அவ்வளவுதான்.

எங்க ஊர் உடன்குடி பக்கம், தேரிக்காட்டு ஓரம். தாத்தா பனையேறி. மாசி பிறந்தா ஆடி வரைக்கும் அவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. சாமம் மூணு மணிக்கே எழும்பி, இடுப்புல அரிவாப்பெட்டியைக் கட்டிக்கிட்டு, தளைநாரைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருவார். ஒரு நாளைக்கு முப்பது பனை. காலையில ஒருதரம் ஏறிப் பதநீர் இறக்கணும், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை சீவணும். அப்போ அறுபது தரம் ஏறி இறங்குறார். மரத்துல உரசி உரசி அவர் நெஞ்சு செருப்புத் தோல் மாதிரி காய்ச்சுப் போயிருந்தது. சின்னப் பிள்ளையில நான் அதைத் தொட்டுப் பார்த்து, “வலிக்குதா தாத்தா?”ன்னு கேப்பேன். “அது செத்த தோலு மக்கா, வலிக்காது”ன்னு சிரிப்பார்.

தாத்தா பாடு மரத்தோட முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு ஆச்சி பாடு. கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவிக் கொடுக்கிறதும் ஆச்சிதான், பதநீரை வடிகட்டி விடிலியில வச்சுக் காய்ச்சுறதும் ஆச்சிதான். உடைமுள்ளும் காஞ்ச ஓலையும்தான் விறகு. பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாங்க. பதம் பார்த்து இறக்கி, சிரட்டையில ஊத்தி ஆற வச்சாத்தான் கருப்பட்டி. பதம் தப்பினா அன்னைக்குத் தாத்தா ஏறின அத்தனை மரமும் வீண். “பனையேறி”ன்னு ஊரே தாத்தாவைச் சொல்லும். புகையில கண்ணு போன ஆச்சிக்கு ஒரு பேரும் கிடையாது. அதனால இன்னைக்கு ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்றேன்.

இப்படிப் பாடுபட்டும் வீட்டுல காசு தங்கலை. ஏன்னு கேட்டா, மார்கழியிலயே ஒரு வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிருவாங்க. மழைக்காலத்துல பனையில வருமானம் இல்லையே, வயித்துக்கு வேணுமே. அந்தக் கடனுக்குக் கருப்பட்டியைப் பெட்டி பெட்டியா அவருக்கே போடணும். விலையும் அவர் சொல்றதுதான், கணக்கும் அவர் எழுதுறதுதான். தாத்தா கைநாட்டு.

ஆச்சிக்கும் எழுத்து தெரியாது. ஆனா ஒரு பெட்டி போனா, வீட்டுச் சுவத்துல கரியால ஒரு கோடு போடுவாங்க. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளை அடிச்சாலும் அந்த இடத்தை மட்டும் அடிக்க மாட்டாங்க.

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தாத்தா வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டைக் கொண்டு வந்து, “ஏ மக்கா, இதைப் படிச்சுச் சொல்லு”ன்னார். முப்பத்தேழு பெட்டின்னு எழுதியிருந்தது. சுவத்துல எண்ணினேன், நாப்பத்திரெண்டு கோடு. மூணு தரம் எண்ணினேன். அஞ்சு பெட்டியைக் காணோம்.

தாத்தா போய்க் கேட்டார். “கோடு எல்லாம் செல்லாது, எழுத்துதான் செல்லும்”னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வருசம் முன்பணத்துக்கு அவர்கிட்டதான் போகணும். அதனால தாத்தா ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்தவர், ரொம்ப நேரம் கழிச்சு என்கிட்ட சொன்னார்: “எழுத்துதான் செல்லுமாம். நீ படிச்சிரு மக்கா.”

அந்த ஒரு சொல்லுக்காக என்னைப் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிக்க வச்சார். அதுக்கு மேல முடியலை. மரத்துல இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, அதுக்குப் பிறகு அவர் ஏறலை.

1989-ல தருமபுரி மாவட்டத்துலதான் நம்ம தமிழ்நாட்டுல சுய உதவிக் குழு முதல்ல ஆரம்பிச்சதுன்னு பயிற்சியில சொன்னாங்க. எங்க ஊருக்குக் குழு வரும்போது தாத்தா இல்லை. “பத்தாவது படிச்சிருக்கே, நீயே கணக்கு எழுது”ன்னு எல்லாரும் என்கிட்ட நோட்டைக் கொடுத்தாங்க. எனக்குப் பெருமையா இருந்தது.

இப்போ ஒரு விசயத்தை மறைக்காம சொல்லணும். மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கூட்டத்துல, எங்க குழுவுல கைநாட்டு வைக்கிற ஒரு அக்கா, தவணை 600 ரூபாய் கொடுத்தாங்க. அவசரத்துல பையில போட்டவ எழுத மறந்துட்டேன். அடுத்த மாசம் பாக்கி வாசிச்சப்போ, “நான் கட்டிட்டேனேம்மா”ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நோட்டுல இல்லையே அக்கா.” அவங்க ஒண்ணும் பேசாம தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எங்க ஆச்சி சுவரு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. எழும்பிப் பையைக் கொட்டி எண்ணினேன். கணக்குக்கு மேல 600 ரூபாய் இருந்தது. விடிஞ்சதும் அந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். பால் காலண்டர்ல, பணம் கொடுத்த தேதியில ஒரு கோடு போட்டு வச்சிருந்தாங்க. “காட்டியிருக்கலாமே அக்கா?”ன்னேன். “கோட்டை யாரு நம்புவா?”ன்னாங்க. எனக்கு அழுகை வந்திருச்சு. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டு, தீர்மான நோட்டுலயும் எழுதினேன்.

அதுல இருந்து எங்க குழுவுல ரெண்டு வழக்கம். பணம் வாங்கின உடனே எழுதி, எழுதினதை எல்லாரும் கேக்குற மாதிரி சத்தமா வாசிக்கணும். எழுதத் தெரியாதவங்க வீட்டுல போடுற கோட்டையும் மாசாமாசம் நோட்டோட ஒத்துப் பார்க்கணும். ஒத்து வரலைன்னா முதல்ல நோட்டைத்தான் சந்தேகப்படணும்.

சகோதரிகளே, உங்க குழுவுலயும் இதைச் செஞ்சு பாருங்க. கணக்கு எழுதுறவ கெட்டவளா இருக்கணும்னு இல்லை, அவசரக்காரியா இருந்தாலே போதும், ஒருத்தி உழைப்பு காணாமப் போயிரும். எங்க தாத்தாவுக்குப் போன அஞ்சு பெட்டி திரும்பி வராது. நம்ம கூட்டமைப்புல யாருக்கும் அப்படிப் போகக் கூடாது.