"நீங்க என்ன ஆளுங்க?" – வாடகை வீடும் நம்ம ஊரும்

(காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டமைப்புப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றிப் பேசாத கூட்டமே கிடையாது. இன்றைக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம். அதுவும் வாடகை வீடு.

வீடு தேடி வருகிறவர்களிடம் எத்தனை பேர், என்ன தொழில் என்று கேட்பது நியாயம். மாசம் பிறந்தால் வாடகை வருமா என்று கேட்பதும் நியாயம்தான். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும். "தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். இன்னும் நாசூக்கானவர்கள், "கோயில் பக்கத்துல இருக்கோம், கறி மீன் சமைக்கிறவங்களுக்கு விடறதில்ல" என்பார்கள். பதிலைக் கேட்டதும், அதுவரை காலியாக இருந்த வீட்டுக்கு, "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களே" என்று ஆகிவிடும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் அதே பூட்டு தொங்கும்.

மற்ற ஊரில் வீடு என்றால் சமைக்க, படுக்க. நம்ம காஞ்சிபுரத்தில் வீடுதான் தொழிற்சாலை. குழித்தறி போட தரையில் குழி வெட்டணும். நூல் சுத்த, தார் சுத்த இடம் வேணும். காலையில் தெருவில் பாவு விரிக்கணும். வீடு கிடைக்கவில்லை என்றால் தறி இல்லை. தறி இல்லை என்றால் கூலி இல்லை. வீடு கிடைத்தும் தெரு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாவு விரிக்க முடியாது. அதனால் இங்கே ஒரு குடும்பத்துக்கு வீடு மறுப்பது பாதி வேலையைப் பிடுங்கின மாதிரி.

நம்ம உறுப்பினர் ஒருத்தர், பெயர் வேண்டாம், நாலு தெரு அலைந்து அஞ்சாவது தெருவில் வீடு பிடித்தார். தறி இறக்கி ஒரு மாசம் ஆகவில்லை, யாரோ அவர் சாதியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் குழாயடியில் அவர் குடத்தை மட்டும் தள்ளி வைத்தார்கள். வாசலில் குப்பை விழுந்தது. பாவு விரித்தால் "வண்டி போகணும், எடுங்க" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாவுக்கு வண்டி சுத்திப் போனது. கடைசியில் வீட்டுக்காரம்மா வந்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, தெருக்காரங்க பேசறாங்க" என்றார். இந்தத் "தெருக்காரங்க" யார் என்று கேட்டால் ஒரு ஆளும் நான்தான் என்று சொல்ல மாட்டார்.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. நம்ம ஊர் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891-இல் இங்கிருந்த பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. சேரியில் குடிசை போட்டிருந்த இடம்கூட மிராசுதாருக்குச் சொந்தம். கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், "இடத்தைக் காலி பண்ணு" என்ற ஒரு வார்த்தை போதும். குடியிருக்கும் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளையும் கையில் வைத்திருந்தார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் கொடுக்க அரசாணை வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1971 ஆனது. நடுவில் எண்பது வருஷம்.

மனை சொந்தமானாலும் சுவர் வரலாம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்து ஒரு பெரிய சுவர் எழுந்தது. சுமார் 600 மீட்டர். அதில் மின்கம்பி போட்டது வெளியே தெரிந்து, போராட்டம் நடந்து, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அதை எதிர்த்து, ஆதிக்க சாதிக் குடும்பங்கள் பல ஊரைவிட்டே மலையடிவாரம் போய் உட்கார்ந்தன. பாருங்க, சுவர் போனதற்கு வீட்டையே விட்டுப் போகிற அளவு கோபம்! பிறகு இரண்டு பக்கமும் பேசி உடன்பாடு வந்து, 2011 நவம்பரில் தலித் மக்கள் அங்கே முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். இடிக்க ஒரு நாள் போதும், உட்கார்ந்து பேச மூணு வருஷம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1997-இல் சமத்துவபுரம் திட்டம் வந்தது. முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறந்தார்கள். ஒரு ஊருக்கு 100 வீடு. 40 தலித், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 மற்றவர்கள். நல்ல காரியம். ஆனால் புதுசாகக் கட்டுகிற ஊரில் கலந்து உட்கார வைக்கலாம். ஏற்கனவே இருக்கிற தெருவை யார் கலப்பது? 2025-இல் "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப் போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவும் நல்லது. "எந்தக் காலனி?" என்று கேட்கிற வாய் வேறு வார்த்தை கண்டுபிடிக்காமல் இருக்கணும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். இது கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, ஏனென்றால் இதில் ஓட்டையும் இருக்கிறது.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015 திருத்தம் 2016 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. அதன்படி, குடியிருக்கும் வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ போகும்படி செய்வது குற்றம். சமூகப் புறக்கணிப்பு செய்வது, செய்வேன் என்று மிரட்டுவது குற்றம். நாலு பேர் பார்க்க சாதி பேர் சொல்லித் திட்டுவது குற்றம். விசாரிக்க வேண்டியது டி.எஸ்.பி. நிலை அதிகாரி. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், புறக்கணிப்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் வீடு வாடகைக்குத் தர மறுப்பதையும் சேர்த்திருக்கிறது. ஆனால், தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையை ஒருவர் பயன்படுத்தினார் என்பதற்காக மறுத்தால்தான் அது பொருந்தும். திருநங்கை, திருநம்பிகளுக்கு வாடகை வீடு பெறும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது.

ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கோ, தனியாக வாழும் பெண்ணுக்கோ, "உங்களுக்கு வீடு இல்லை" என்று தனியார் வீட்டுக்காரர் சொன்னால், அதற்கென்று தண்டிக்கும் நேரடிச் சட்டம் நம்ம நாட்டில் இல்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நமக்கு அது இன்னும் வரவில்லை. அதனால், சட்டம் இருக்கிறது பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் இருந்துவிட முடியாது.

சட்டம் இருக்கிற அமெரிக்காவிலும் தொல்லை நிற்கவில்லை. 1993-இல் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊர். அங்கே பூர்வகுடிப் பெண் ஒருவர் வீட்டுச் சுவரில் வெறுப்பு வாசகம் எழுதினார்கள். அந்த ஊர் பெயின்டர் சங்கத்துக்காரர்கள் முப்பது பேர் போல வந்து சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார்கள். டிசம்பரில் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில், பண்டிகை விளக்குப் படம் ஒட்டியிருந்த ஜன்னலில் கல் விழுந்தது. குழந்தை படுக்கிற அறை அது. உள்ளூர்ப் பத்திரிகை அந்த விளக்குப் படத்தை முழுப் பக்கம் அச்சடித்தது. யூதர் அல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் அதைத் தங்கள் ஜன்னலில் ஒட்டினார்கள். ஒட்டிய வேறு சில ஜன்னல்களும் உடைந்தன. அதற்கப்புறம் இன்னும் அதிகம் பேர் ஒட்டினார்கள். எந்த வீடு என்று தெரிந்தால்தானே கல் எறிவது?

நமக்கு விளக்குப் படம் வேண்டாம். நமக்குக் குடம் இருக்கிறது. தள்ளி வைத்த குடத்துக்குப் பக்கத்தில் நம்ம குடத்தைக் கொண்டு போய் வைக்கலாம். அந்த அம்மா பாவு விரிக்கும்போது நாலு உறுப்பினர் கூடப் போய் நிற்கலாம். இதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை.

தீர்மானம் தேவைப்படுவது வேறு இடத்தில். நம்ம குழுக்களிலேயே பின்கட்டு, மாடி என்று வாடகைக்கு விடுகிறவர்கள் நிறைய. குழுவில் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். வீட்டு வாசலில் மட்டும் எப்படி வேறு கேள்வி வரும்? கூட்டமைப்பு வைக்கும் தீர்மானம் இதுதான்: வாடகைக்கு விடும் எந்த உறுப்பினரும் சாதி, மதம், தனியாளா என்று கேட்டு வீடு மறுக்கக் கூடாது. வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர், தறி உண்டா – இவ்வளவுதான் கேட்கலாம். சிலருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். "மாமியார் ஒத்துக்க மாட்டாங்க" என்பீர்கள். மாமியாரையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், பேசலாம்.

ஒப்பந்தம் எழுத்தில் போடுங்கள். நகர்ப்புற வாடகைக்கு 2019-இலிருந்து நடப்பில் உள்ள புதுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தண்ணீர், கரண்டை நிறுத்தி வெளியேற்ற முடியாது.

தொல்லை நடந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள். குழு நோட்டிலேயே எழுதலாம், நமக்குத்தான் எழுதிப் பழக்கம் ஆச்சே. வன்கொடுமை உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் வக்கீல் கிடைப்பார். புகார் கொடுக்கத் தனியாக யாரும் போக வேண்டாம். ஊக்குநரும் இரண்டு உறுப்பினரும் கூடப் போகணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தீர்மானத்தை நோட்டில் எழுதி, கையெழுத்துடன் கொண்டு வாருங்கள். கூடவே, உங்கள் தெருவில் வாடகைக்குக் காலியாக உள்ள வீடு எது, தறி போட இடம் உண்டா என்று ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். முதலில் சொன்ன அந்த உறுப்பினருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. தறி பிரித்த நிலையில் அக்கா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது.